அம்மாவுக்கு நான் கொடுத்த கால்சியம்

மகனே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன் சிநேகிதர்களிடம் வேண்டாம். நீ கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் வேண்டாம். என் அம்மாவும் அப்பாவும் அப்போது இருந்தால் அவர்களிடம் வேண்டவே வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நீ இன்னும் பிறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. போன வாரம் தமிழம்மா, வேலைக்காக வெளியூர் போகும் மகனுக்குத் தாய் எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதிவரச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு, நல்லவர்களோடு பழகு, பெரியவர்களை மதி என்று நானும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் ‘நன்று’ என்று போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதில் ஒரு வரிகூட நான் உனக்குச் சொல்ல நினைப்பது இல்லை. சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கவும் கேட்டுவிட்டு என்னைத் திட்டாமல் இருக்கவும் இப்போது எனக்கு ஆள் யாரும் இல்லை. அதனால்தான் பிறக்காத உனக்கு எழுதுகிறேன்.

முட்டை ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்குள் விளக்குப் போட்டால் அம்மா எழுந்துகொள்வாள். இங்கே கதவைச் சாத்திக்கொண்டால் வெளிச்சம் அவ்வளவாக வெளியே போகாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஷெட்டு. கோழிகள் தூங்கும்போது மெல்லிய முனகல்போல ஒரு சத்தம் வரும். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் நம் பண்ணை அப்படியொன்றும் பெரியது இல்லை, இரண்டு ஷெட்டுதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் முட்டையின் ஓடு இவ்வளவு கெட்டியாக எங்கும் இருக்காது என்று ஏஜென்டு சொல்வார். அதற்குக் காரணம் என் அம்மா. எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள். ஆனால் தீவனம் கலக்கும்போது எதை எவ்வளவு போட வேண்டும் என்று முடிவு செய்வது அப்பா இல்லை, அவள்தான். ஒரு முட்டையை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள். “கிளிஞ்சல் பத்தலீங்க” என்பாள். அவ்வளவுதான். அப்பா மறுபேச்சுப் பேசாமல் மூட்டையைப் பிரிப்பார். ஊரில் நிறையப் பேர் அப்பாவைக் கிண்டல் செய்வார்கள். “ஏனப்பா, உன்ற ஊட்டுல நீ முதலாளியா, அம்மிணி முதலாளியா?” அப்பா சிரித்துக்கொண்டே, “நான் டிரைவருங்க, கோழிக்குத்தான் முதலாளிய நல்லாத் தெரியும்” என்பார்.

நீ பண்ணை வீட்டில் பிறப்பாயோ சேலத்தில் ஏதாவது மாடி வீட்டில் பிறப்பாயோ தெரியாது, அதனால் இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். கோழி முட்டைக்கு ஓடு கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில்தான். அந்த ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. தின்ற தீவனத்தில் அது போதாவிட்டால் தன் எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். தினமும் எலும்பைக் கரைத்தால் ஒரு நாள் கால் நிற்காது, கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அதனால் நம் பக்கத்தில் அந்தச் சத்துக்காகக் கிளிஞ்சல் குருணையைப் பொழுதோடதான், பொழுது சாயும் நேரத்தில்தான், போடுவார்கள். ராத்திரி ஓடு கட்டும் நேரத்தில் வயிற்றில் இருக்கட்டும் என்று. இந்த வருஷம் கோடையில் பழைய பேட்ச் கோழிகள் தோல் முட்டை போட ஆரம்பித்தன. தொட்டால் அமுங்கும், ஓடே இருக்காது. பத்துப் பதினைந்து கோழிகள் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தன. விற்றுவிடலாம் என்று அப்பா சொன்னார். அம்மா கேட்கவில்லை. பொழுதோட கிளிஞ்சலைக் கூட்டினாள், வெயில் ஏறும் முன்பே தீவனத்தை முடித்தாள். பத்தே நாளில் ஓடு கெட்டியானது. கிடந்த கோழிகளில் பாதி எழுந்து நின்றன. அன்று அவள் ஷெட்டு நடுவில் நின்று இடுப்பில் கைவைத்துச் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். என் பள்ளியில் பரிசு வாங்கிய எந்தப் பிள்ளையும் அப்படிச் சிரித்ததில்லை.

அதே கோடையில்தான் அவளுக்குக் கால் வலி அதிகமானது. ஒரு வருஷமாகவே முட்டி வலி, இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். படி ஏறும்போது தொடையைக் கையால் தூக்கிவிட்டுக்கொண்டு ஏறுவாள். அதற்குச் சில வாரம் முன்பு கிட்னியில் கல் வந்து நாமக்கல்லில் ஊசி போட்டு வந்திருந்தாள். கால்சியம் கல் என்று சொன்னார்களாம். எல்லாவற்றையும் மனதில் அடுக்கிப் பார்த்து, நான் பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டதாக நினைத்தேன். கோழியிடமிருந்து சுண்ணாம்பு முட்டையாய் வெளியே போகிறது. அம்மாவிடமிருந்து கல்லாய் வெளியே போகிறது. கோழிக்கும் கால் நிற்கவில்லை, அம்மாவுக்கும் நிற்கவில்லை. அப்படியானால் மருந்தும் ஒன்றுதானே? பள்ளி முடிந்து பஸ் ஏறும் இடத்தில் இருக்கும் மருந்துக் கடையில் கால்சியம் மாத்திரை வாங்கினேன். நானாக வாங்கியது என்று தெரிந்தால் அம்மா சாப்பிட மாட்டாள் என்று ஒரு பொய்யும் தயார் செய்தேன். எங்கள் பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை தருவார்கள். “அம்மாமார்களுக்கும் சத்து மாத்திரை கொடுத்துவிட்டிருக்காங்கம்மா” என்று சொன்னேன். அவள் நம்பினாள். பொழுதோட, கிளிஞ்சல் போடும் அதே நேரத்தில், அவள் கையில் இரண்டு மாத்திரை வைத்துத் தண்ணீரும் கொடுப்பேன். இரண்டு வாரம் ஆகியும் வலி குறையவில்லை என்றதும் நாலாக்கினேன்.

அவள் அதைப் பெருமையாகப் பண்ணைக்கு வரும் பெண்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினாள் என்பதுதான் இப்போது நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. முட்டை பொறுக்க வரும் சரசக்காவிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எம்புள்ள பள்ளிக்கோடத்துல இருந்து எனக்குன்னு மாத்திரை வாங்கியாறா. உன்ற பையன் என்ன கொண்டாறான்?”

“அவனெங்கீங்கக்கா கொண்டாறான்? புரோட்டா பார்சல் வாங்குவான், ஊடு வந்து சேரமுன்னயே பஸ்ஸுலயே தின்னு போட்டு வெறும் கவர கொண்டாந்து நீட்டுவான்.”

இருவரும் சிரித்தார்கள். நான் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மகனே. பொய் சொன்னோம் என்று தோன்றவே இல்லை. நல்லதுக்குச் சொன்ன பொய்தானே என்று இருந்தது. நீ இதை நினைவில் வைத்துக்கொள். பொய் கசக்கும் என்று சொல்வார்கள், எனக்குக் கசக்கவில்லை. இனிப்பாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அம்மா எப்போது பார்த்தாலும் தண்ணீர் குடித்தாள். ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து வெளியே போவாள். சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். வயிறு சரியாகப் போகவில்லை. வெயிலால் என்று நினைத்தோம். ஒரு நாள் தீவனம் கலக்கும்போது, சோளம் போட்டாயிற்றா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. என் அம்மாவுக்கு! மிஷின் பக்கத்தில் நின்று மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் வாந்தி எடுத்து ஷெட்டு வாசலில் சாய்ந்துவிட்டாள். அப்பா தூக்கி வண்டியில் போட்டு நாமக்கல் கொண்டு போனார், அங்கிருந்து சேலம், அஸ்தம்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரி. ரத்தத்தில் கால்சியம் ரொம்ப அதிகம் என்றார்கள். அதிகம்! நான் குறைச்சல் என்று நினைத்து மாதம் முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பகலும் ராத்திரியும் சலைன் ஏற்றினார்கள். நாலாவது நாள் அவள் என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டாள்.

இனிமேல் சொல்லப் போவதைப் பெருமையோடு படி. ஐந்தாம் நாள் டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் கோதுமை மணி அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை பி.டி.எச். என்ற ஹார்மோனை விடும். அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடும், கிட்னியிடம் கால்சியத்தைச் சிறுநீரில் விடாமல் பிடித்து வைக்கச் சொல்லும். கால்சியம் போதுமான அளவு ஏறியதும் சுரப்பி தானாகவே அடங்கிவிடும். “உங்களுக்கு அதுல ஒண்ணு பெருசாகி, கேட்பாரில்லாம சுரந்துக்கிட்டே இருக்கு. கால்சியம் எவ்வளவு ஏறினாலும் அடங்க மாட்டேங்குது. அதனாலதான் எலும்பு வலி. கிட்னியால பிடிச்சு வைக்க முடியாம வழியறதுதான் கல்லு” என்றார். அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன், புத்தகத்தில் படித்ததுதானே. அம்மா ஆட்டவில்லை. கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“ஏனுங்க டாக்டர், எலும்புல சுண்ணாம்பு மட்டுமா இருக்குது? பாஸ்பேட்டும் இருக்குமுங்களே. நாங்க கோழிக்கு ரெண்டையும் சேத்துத்தான் போடுவோம். எலும்பக் கரைச்சா ரெண்டும் சேந்து வருமே. சுண்ணாம்ப வெச்சுக்குது, சரி. அந்தப் பாஸ்பேட்டு எங்கீங்க போவுது?”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். “எத்தனாவது படிச்சிருக்கீங்க?” என்று கேட்டார். “அதெல்லாம் எதுக்குங்க, கேட்டதுக்குச் சொல்லுங்க” என்றாள் அம்மா. டாக்டரம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. “இதே கேள்விய என் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட நான் கேப்பேன். பாதிப் பேர் முழிப்பாங்க” என்றார். பிறகு சொன்னார். அதே ஹார்மோன் கிட்னியிடம் இரண்டு வேலை சொல்கிறது. கால்சியத்தைப் பிடித்து வை, பாஸ்பேட்டை வெளியே தள்ளு. பாஸ்பேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து ரத்தத்தில் தங்கிவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு உடம்புக்குள் கண்ட இடத்திலும் படிந்துவிடும், ஏற்றிய கால்சியமும் வீணாகும். அதனால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சிறுநீரில் அனுப்புகிறது. “உங்க ரிப்போர்ட்ல பாஸ்பேட் கம்மியா இருக்கறதே அதுக்குச் சாட்சி” என்று தாளைத் திருப்பிக் காட்டினார். அம்மா அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தாள். “அப்ப எங்கட கோழியும் ராவு பூராம் பாஸ்பேட்ட எச்சத்துல உட்டுட்டுத்தான் கெடக்குதுன்னு சொல்லுங்க” என்றாள். அப்பா அந்த வார்டில் இருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், எல்லோரும் கேட்டார்களா என்பதுபோல. மகனே, நான் பதினோரு வருஷம் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஹார்மோன் பெயரை மனப்பாடம் செய்து நேராக விடைத்தாளில் எழுதியவள் நான். கோழிக்குத் தீவனம் கலந்த கை கேட்ட கேள்வி அது. உன் உடம்பில் ஓடப்போவதில் அவள் ரத்தமும் இருக்கும். யாராவது உன்னை மட்டமாகப் பேசும் நாளில் அதை நினைத்துக்கொள்.

ஆனால் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார். “கால்சியம் மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து ஏதாவது எடுத்தீங்களா?” அப்பா உடனே, “ஒண்ணுமில்லீங்க, அதெல்லாம் எங்க ஊட்டுல பழக்கமில்லீங்க” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். “பள்ளிக்கோடத்துல புள்ளைங்களுக்குத் தர்ற இரும்பு மாத்திரைதானுங்க, அது ஒண்ணும் மருந்தில்லீங்களே” என்றாள். இரும்பு என்று அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவும் அதை விட்டுவிட்டார். நான் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன். வாய் திறக்கவில்லை. வாய் திறந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

கால்சியம் இறங்கியதும் அம்மாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று மறுபடி போனபோது டாக்டரம்மாவின் முகம் வேறுமாதிரி இருந்தது. கிட்னிக் கல்லுக்காக நாமக்கல்லில் எடுத்த பழைய ரத்தச் சீட்டை அப்பா தேடி எடுத்துக் கொடுத்திருந்தார். “ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கால்சியம் கொஞ்சம்தான் கூட இருந்திருக்கு. அதுக்குள்ள இவ்வளவு வேகமா ஏறினதுக்குக் காரணம் எனக்குப் பிடிபடல. சாதாரணக் கட்டி இப்படி ஏத்தாது. கெட்ட கட்டியா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்” என்றார். சாதாரணக் கட்டி என்றால் சின்னதாக வெட்டி அந்த ஒரு சுரப்பியை மட்டும் எடுத்துவிடலாம். கெட்டது, அதாவது புற்றுநோய், என்று சந்தேகம் இருந்தால் கழுத்தைப் பெரிதாகத் திறந்து, பக்கத்தில் தைராய்டில் பாதியையும் சேர்த்து எடுக்க வேண்டும். குரலுக்கான நரம்பு அதை ஒட்டித்தான் போகிறது. குரல் கம்மிப்போகலாம், மாறியும் போகலாம் என்றார். அப்பா வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது அடிக்கொருதரம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மாதான், “கோழி எம்பேச்சக் கேக்கறதுக்குக் குரல் எதுக்குங்க, கைதான வேணும். கம்முனு ஓட்டுங்க” என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் ஆடியதை நான் பின்சீட்டிலிருந்து பார்த்தேன்.

காரணம் எனக்குத் தெரியும், மகனே. இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி முழுக்கப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். எல்லாம் என் மாத்திரையால்தான் வந்ததோ, அந்தச் சுரப்பியில் கோளாறே இல்லையோ, வீணாக அம்மாவின் கழுத்தை வெட்டப் போகிறார்களோ என்று முதலில் நடுங்கினேன். பிறகு அம்மா கேட்ட கேள்வியை வைத்தே யோசித்தேன். சுரப்பி நன்றாக இருந்து, என் மாத்திரையால் மட்டும் கால்சியம் ஏறியிருந்தால், சுரப்பி அடங்கியிருக்கும். பி.டி.எச். குறைந்திருக்கும். கிட்னி பாஸ்பேட்டைத் தள்ளாமல் வைத்துக்கொண்டிருக்கும். ரிப்போர்ட்டில் பி.டி.எச். அதிகம், பாஸ்பேட் குறைவு. ஆக, சுரப்பியில் கோளாறு இருப்பது உண்மை, ஆபரேஷன் வேண்டியதும் உண்மை. ஆனால் இரண்டே மாதத்தில் அவ்வளவு உயரத்துக்கு ஏறியது அந்தச் சுரப்பி மட்டும் செய்த வேலை இல்லை. மேலே என் நாலு மாத்திரையும் இருக்கிறது. அடங்கத் தெரியாத சுரப்பி இருக்கும் உடம்பில் நான் இன்னும் கால்சியத்தைக் கொட்டியிருக்கிறேன். டாக்டரம்மாவுக்குப் பிடிபடாத அந்தக் காரணம் என் புத்தகப் பைக்குள் காலி மாத்திரை அட்டைகளாக இருக்கிறது. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், கட்டி உண்மையிலேயே கெட்டதாகவும் இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். ஆனால் இது தெரியாமல் அவர் கத்தியை எடுக்கக் கூடாது.

சொல்ல ஏன் இவ்வளவு பயம் என்று நீ கேட்பாய். அடிக்குப் பயமில்லை, அப்பா என்னை அடித்ததே இல்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் பெரியப்பா வந்து, “பொட்டப் புள்ளைக்கு எதுக்கு சயின்சு குரூப்பு? கோழிக்கு ஊசி போடப் போறாளா?” என்றபோது, அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து, “போடட்டுமுங்க மாமா. கோழிக்கும் போடுவா, உங்களுக்கும் போடுவா” என்றாள். பெரியப்பா காப்பியைக் குடிக்காமலே போனார். அம்மா எனக்காகப் பேசிய அந்தப் பேச்சுக்கு நான் கொடுத்த பதில் இதுதானா? இனி ஊரே சொல்லும், அம்மாவையே கொல்லப் பார்த்த படிப்பு என்று. அம்மா சரசக்காவிடம் சொன்னது எல்லாம் பொய்யாகிவிடும். அவள் கண்ணில் நான் யாராக இருக்கிறேனோ, நாளை முதல் அந்த ஆளாக இருக்க மாட்டேன். அதற்குத்தான் பயம்.

ஆனாலும் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ வளர்ந்து ஏதாவது ஒன்றைப் பாதி படித்த நிலையில் இருப்பாய். பாதி தெரிந்ததும் உடனே யாருக்காவது நல்லது செய்யக் கை துடிக்கும். உனக்குப் பிடித்தவர்களிடம்தான் ரொம்பத் துடிக்கும். அப்போது கேட்டுவிட்டுச் செய். கேட்க வெட்கமாக இருந்தால் என் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டதை நினைத்துக்கொள். செய்துவிட்டாய் என்றால், செய்ததைச் சொல். எவ்வளவு, எத்தனை நாள், என்ன பெயர், எல்லாம். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். அது யாருக்கும் அவசரம் இல்லை. என் அம்மாவைப்போல் ஒருத்திக்குப் பிறந்துவிட்டு, பயந்துகொண்டு அவளைக் கத்திக்குக் கழுத்தை நீட்ட விடுவது கேவலம் என்று எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

காலை ஐந்து மணிக்கு சேலம் கிளம்புகிறோம், நாளை அட்மிஷன். ஒரு தாளில் மாத்திரையின் பெயர், ஒன்றில் எவ்வளவு கால்சியம், எந்த நாளிலிருந்து இரண்டு, எந்த நாளிலிருந்து நாலு என்று எழுதி, காலி அட்டைகளையும் சேர்த்துப் பின் குத்தி வைத்திருக்கிறேன். டாக்டரம்மாவிடம் நேராகக் கொடுத்துவிடலாம், அம்மாவுக்குத் தெரியாமல், என்று சாயங்காலம் வரை நினைத்திருந்தேன். அதுவும் இன்னொரு பொய்தான். அவள் உடம்பு. அவள் வயிற்றுக்குள் போனது என்ன என்று முதலில் தெரிய வேண்டியது அவளுக்கு. வழியில் சொல்லலாமா, அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாமா என்று

கதவைத் தட்டுகிறார்கள்.

“சாமி, உள்ள லைட்டு எரியுது, நீயா? தொறடி. எனக்கும் தூக்கம் வரல.”

அம்மாதான். தாள் கையில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் வேறு எதுவும் பேசக் கூடாது. அம்மா, அந்த மாத்திரை பள்ளிக்கூடத்தில் கொடுத்தது இல்லை, அதை நான்